பெயர் வராத வாரம்

என் வீட்டில் கை கழுவ ஒரு செம்புக் கிண்ணம் இருக்கிறது. உள்பக்கம் ஈயம் பூசியது. பூசியவன் சாசி. என் நண்பன். ஏழு வருஷமாக ஊருக்கு வெளியே மண்ணுக்குள் கிடக்கிறான். ரொட்டியைத் தொடும் முன் கையில் தண்ணீர் ஊற்றி, கிண்ணத்தின் மேல் குனிந்து ஜெபம் சொல்லும்போது அந்த ஈயத்தில் என் முகம் தெரியும். வருஷம் முழுக்க அது சாதாரண முகம்தான். ஆனால் எங்கள் வேதமான தோராவில், பாலைவனத்தில் கடவுளுக்கு ஆசரிப்புக் கூடாரம் கட்டிய கதையை நாங்கள் வாசிக்கிற வாரங்கள் வந்தால் போதும். நான் வாய்விட்டு ஜெபம் சொல்வேன், கிண்ணத்துக்குள் இருப்பவனின் உதடு அசையாது.

கண் கோளாறு என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். அதை நானே ஆறு வருஷம் எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். கிண்ணத்தை அலமாரிக்குப் பின்னால் ஒளித்தும் பார்த்தேன். என் மனைவி மைசூனா தேடி எடுத்து, சாம்பல் போட்டுத் துலக்கி, முன்னைவிடப் பளபளவென்று கொண்டுவந்து வைத்தாள்.

ஜெர்பா தீவில் யூதர்கள் குடியிருக்கும் இந்த ஹாராவில் நான் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். சாசி பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவன். முப்பது வருஷம், வாரத்தில் இரண்டு மாலை, அவன் பட்டறையில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் சேர்ந்து படித்தோம். ஈயம் ஒட்டுவதற்காக அவன் தூவும் நவச்சாரத்தின் புகையில் எனக்கு இருமல் பிய்த்துக்கொண்டு போகும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும், அவனுக்கு எருமைப் பொறுமை. கூடாரப் பகுதி வந்தால் எல்லாருக்கும் கொட்டாவி வரும். கொக்கி ஐம்பது, வளையம் ஐம்பது, பலகை இத்தனை முழம் என்று போய்க்கொண்டே இருக்கும். சாசிக்கு மட்டும் கண் பிரகாசமாகிவிடும்.

"உலகத்தை அவரு சொல்லியே உண்டாக்கிட்டாரு, ஒரு பக்கத்துல முடிஞ்சுது. கூடாரத்தை நம்மள மாதிரி ஆளுங்கல்ல அடிச்சும் உருக்கியும் செஞ்சாங்க? வேலைக்காரன் கதைன்னா நீளமாத்தான்டா இருக்கும்" என்பான். உன்னையும் உன் கரிச்சட்டியையும் அங்கே யாரும் கூப்பிடவில்லை என்று நான் சீண்டுவேன்.

கூடாரத்தைப் பற்றி ஐந்து பகுதிகள், வாரத்துக்கு ஒன்று. நான்கில், கூடாரம் கட்டும்படி கடவுள் கட்டளை கொடுத்த மோசேயின் பெயர் வரும். இரண்டாவதில் மட்டும் ஒரு இடத்தில்கூட வராது. "நீ" என்று கடவுள் அவரிடம் பேசுவதாகத்தான் அது தொடங்கும். விளக்குக்குத் தூய ஒலிவ எண்ணெய் கொண்டுவரும்படி நீ மக்களுக்குச் சொல், என்று. பெயர் ஏன் இல்லை என்பதற்குப் பெரியவர்கள் பல காரணம் சொல்லியிருக்கிறார்கள். பொன் கன்றுக்குட்டியைக் கும்பிட்ட மக்களை மன்னிக்காவிட்டால் என் பெயரை உம் புத்தகத்திலிருந்து அழித்துவிடும் என்று மோசே கடவுளிடம் சொன்னாரே, அந்த வார்த்தை இங்கே பலித்துவிட்டது என்பது ஒன்று. நாங்கள் எல்லாவற்றையும் படித்தோம்.

ஒரு மாலை சாசி பட்டறைக்குள் நுழையும்போதே சிரித்துக்கொண்டு வந்தான். இடுக்கியைக்கூடக் கையில் எடுக்கவில்லை.

"பேரு எதுக்குடா இருக்கு? கூப்பிட. தூரத்துல இருக்கிறவனத்தான் பேரு சொல்லிக் கூப்பிடணும். தோளோட தோள் இடிக்க உட்கார்ந்திருக்கிறவனுக்கு 'நீ'ன்னா போதாதா? அந்த வாரம் அவங்க ரெண்டு பேரும் அவ்வளவு பக்கத்துல இருந்திருக்காங்க. அவ்வளவுதான்."

இதெல்லாம் ஒரு விளக்கமா, போய்ப் பாத்திரத்தைப் பார் என்றேன். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது அதையே திரும்பத் திரும்ப எனக்குள் சொல்லிக்கொண்டேன். முப்பது வருஷத்தில் என் தலையில் சொந்தமாக ஒன்றுகூட உதித்ததில்லை. இவனுக்கு, கரியும் புகையுமாய் இருக்கிறவனுக்கு, உதித்துவிட்டது. எனக்குப் பொறாமை வந்தது, வேறொன்றும் இல்லை.

அடுத்த வருஷம் அதே வாரம் சாசி நெஞ்சடைத்துப் படுத்திருந்தான். ஓய்வுநாளன்று ஜெப ஆலயத்தில் யாராவது இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். நான் எழுந்தேன். அதைச் சொன்னேன். எங்கள் குரு ரபி புகீத் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது யார் சொன்னது என்று கேட்டார். எங்கள் ஆட்கள் எப்போதும் கேட்கிற கேள்விதான். யார் வாயிலிருந்து வந்ததோ அவர் பெயரோடுதான் எதையும் சொல்லவேண்டும். சொன்னவன் செத்துப்போயிருந்தாலும், அவன் பெயரோடு இங்கே ஒருவன் சொன்னால் அங்கே மண்ணுக்குள் அவன் உதடு அசையும். பால் குடிக்கிற வயதிலிருந்து கேட்டு வளர்ந்த விஷயம் இது.

"எனக்குத் தோணுச்சு" என்றேன்.

இரண்டே வார்த்தை. அவனும் நானும் வேறு வேறா, அவ்வளவு பக்கத்தில் இருக்கிறவர்களுக்குள் பெயர் எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அவன் விளக்கத்தையே எடுத்து அவனிடம் திருடியதற்குச் சாக்காக வைத்துக்கொண்டேன், பாருங்கள்.

மறுநாள் அவனைப் பார்க்கப் போனேன். படுத்தபடியே, "நல்லா பேசுனியாமே" என்றான். ஆமாம் என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கடையில் ஆள் இல்லை என்று சொல்லிக் கிளம்பினேன். புதன்கிழமை செத்துப்போனான். பிள்ளை இல்லை. அவன் பெயரைச் சொல்ல இந்த உலகத்தில் அவன் விட்டுப்போனது அந்த ஒரு விளக்கம்தான். அதையும் நான் எடுத்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் துக்கம் முடிந்து கை கழுவினேன். கிண்ணத்தில் உதடு அசையவில்லை.

பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். கூடார வாரங்கள் வந்தால் என் கடையில் நவச்சாரம் நாறும். நான் நவச்சாரம் விற்பதில்லை. புத்தகத்தைத் திறந்தால் எதிரே யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் இருக்கும், நான் படித்ததில் தப்பு இருந்தால் சாசி செருமுவானே, அதே மாதிரி. நிமிர்ந்து பார்த்தால் நாற்காலி காலியாக இருக்கும். ஒரு மத்தியானம் கண்ணயர்ந்தபோது அவனைக் கண்டேன். வாயை ஈயத்தால் பூசி அடைத்திருந்தது. வழவழவென்று, மடிப்பே இல்லாமல், நல்ல வேலைக்காரன் பூசியதுபோல. பூசிய கை யாருடையது என்று எனக்குத் தெரியும்.

இறந்தவனுக்குத் துரோகம் செய்திருந்தால் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும். வழி இருக்கிறது. ஆனால் எதற்கு என்று அந்தப் பத்துப் பேர் கேட்பார்களே. அந்த ஓய்வுநாளுக்குப் பிறகுதான் என்னை ஆலயத்தில் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். தெருவில் பார்த்தால் எழுந்து நிற்கிறார்கள். நான் போகவில்லை. கோழை, வேறென்ன சொல்ல?

இந்த வருஷம் ரபி புகீத் ஹாராவின் ஆட்கள் சொன்ன விளக்கங்களைத் திரட்டிப் புத்தகம் போடுகிறார். கூடார வாரங்களின் நடுவே புரூஃப் தாள் ஒன்று எனக்கு வந்தது. பெயர் ஏன் வரவில்லை என்ற விளக்கம், அதன் தலைப்பில் கொட்டை எழுத்தில் என் பெயர். நீசான் மாதப் பிறப்பு முடிந்ததும் அச்சேறும், பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார். அச்சானால் ஆனதுதான். என் பேரன் பேத்தி காலம்வரை சாசியின் வாய் அடைத்தேதான் கிடக்கும். அன்று கை கழுவியபோது கிண்ணத்துக்குள் உதடே தெரியவில்லை. மூக்குக்குக் கீழே வெறும் ஈயம்தான் இருந்தது.

தாளை அலமாரியில் செருகி வைத்தேன். நாட்கள் போயின.

நீசான் பிறக்கிற சாயங்காலம் எங்கள் வீடுகளில் ப்சீசா கிளறுவோம். கூடாரத்தை எழுப்பிய நாளின் நினைவாக. வறுத்த கோதுமை மாவில் நகையைப் போட்டு, ஆண் எண்ணெய் ஊற்ற, பெண் வீட்டுச் சாவியால் கிளறுவாள். சாசியின் மனைவி கமூனாவுக்கு எண்ணெய் ஊற்ற ஆளில்லை என்பதால் ஏழு வருஷமாக அன்று எங்கள் வீட்டுக்கு வருவாள். வந்து உட்கார்ந்தாள். மைசூனா மோதிரத்தைக் கழற்றி மாவில் போட்டாள். போட்டவள் சும்மா இருந்தாளா? அலமாரியிலிருந்து அந்தத் தாளை உருவி எடுத்துவந்தாள், இவர் பெயர் புத்தகத்தில் வருகிறது, பார் என்று ஒரே பெருமை.

கமூனாவுக்கு எழுத்து தெரியாது. "படிங்கண்ணே, கேப்போம்" என்றாள்.

படித்தேன். தூரத்தில் இருப்பவனைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம் என்ற இடம்வரை படித்தேன். மேலே என் பெயர் இருந்தது. அறையில் நவச்சாரம் நாறியது. மைசூனாகூட மூக்கைச் சுளித்தாள். தாளைக் கீழே வைத்தேன்.

"இது என்னோடது இல்ல, தங்கச்சி. உன் புருஷன் சொன்னது. நான் திருடிட்டேன்."

மைசூனா வாயைப் பொத்திக்கொண்டாள். கமூனா சாவியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்ணே. அன்னிக்கு நான் ஆலயத்து ஜன்னலுக்கு வெளிய உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். வீட்டுக்கு ஓடிப்போய் அவருகிட்டச் சொன்னேன், உங்களைக் கண்டபடி திட்டினேன். 'அவனே வந்து சொல்லுவான், பேசாம இரு'ன்னாரு. சாகுற வரைக்கும் தெருக்கதவச் சாத்தவிடல. குளிரு ஊசியாக் குத்துது, சாத்துறேன்னா, 'மக்லூஃப் வருவான், திறந்தே கிடக்கட்டும்'ன்னாரு."

அந்தக் கதவை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கடைக்கு நான் வேறு சந்து வழியாகத்தான் போனேன். நான் அழுதேன். என் வயதில் ஒரு மனிதன் மாவுக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து அழுவது பார்க்க லட்சணமாக இருக்காது, ஆனாலும் அழுதேன்.

கமூனா சொன்னாள், "இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. அது அவரோடதும் இல்ல. முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவகூட என் பேரச் சொல்லலியேடி, ஏன்னு ஒருநாள் கேட்டாரு. பக்கத்துலயே இருக்கிறவருக்குப் பேரு எதுக்கு, நீங்க என்ன தெருவுலயா நிக்கிறீங்கன்னேன். செருப்பைக்கூட மாட்டாம பட்டறைக்கு ஓடினாரு."

சிரித்துக்கொண்டே அவன் நுழைந்தது எனக்கு நினைவு வந்தது. வெறுங்காலோடு வந்தானா என்று நான் அப்போது பார்க்கவில்லை. அப்படியானால் உன் பெயரைத்தானே எழுதவேண்டும் என்று எழுதுகோலைத் தேடினேன்.

"என் உதடு நல்லாத்தான் அசைஞ்சுக்கிட்டிருக்கு. வேணும்னா அண்ணிகிட்டக் கேளுங்க. அவரு பேரப் போடுங்கண்ணே. அப்ப பக்கத்துல இருந்தாரு, பேரு வேண்டாம். இப்ப ரொம்பத் தூரத்துல இருக்காரு. கூப்பிட்டாத்தான கேக்கும்?"

எண்ணெயை எடுத்தேன். கமூனா சாவியை மாவில் இறக்கினாள். சாவி இல்லாமலே திறக்கிற கடவுளிடம் அடைத்ததைத் திறந்துவிடும்படி வேண்டுவது எங்கள் வழக்கம். அதைச் சொன்னாள். எண்ணெய் விழ விழக் கிளறினாள். பிறகு நிறுத்தி, வாசலைப் பார்த்துத் திரும்பி, தெருவின் அடுத்த முனையில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற குரலில், வாழ்நாளில் முதல்முறையாக அந்தப் பெயரைக் கூப்பிட்டாள்.

"சாசி!"

தெருக்கதவு, நான் தாழ் போட்டிருந்த கதவு, மெல்லத் திறந்துகொண்டது. மைசூனா சாத்த எழுந்தாள். இருக்கட்டும் விடு என்றேன்.

மறுநாள் காலை மாதப் பிறப்பு ஜெபம். ஆலயம் நிறைந்திருந்தது. பொய் சொன்ன அதே இடத்தில் நின்று, சாசி சொன்னது, சாசிக்கு அவன் மனைவி கமூனா சொன்னது, திருடியவன் நான் என்று சொல்லிவிட்டு, முன்வரிசைக்குப் போகாமல் கதவோரம் உட்கார்ந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ரபி புகீத் தாளை வாங்கி என் பெயரை அடித்தார். நான் சொன்னபடியே இரண்டு பெயர்களையும் எழுதினார்.

வீட்டுக்கு வந்தேன். கையில் தண்ணீர் ஊற்றிக் கிண்ணத்தின் மேல் குனிந்தேன். முகத்தில் வாய் இருந்தது. ஜெபம் சொன்னேன். என்னோடு சேர்ந்து அந்த உதடும் அசைந்தது. சொல்லி முடித்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

அது மூடவில்லை. பேசிக்கொண்டே இருந்தது. சத்தம் இல்லை. ஏழு வருஷப் பேச்சு பாக்கி இருக்கிறவன்போல அவசர அவசரமாகப் பேசியது. ரொட்டி ஆறுகிறது, என்ன பார்க்கிறீர்கள் என்று மைசூனா கூப்பிட்டாள். நான் நகரவில்லை. முப்பது வருஷம் அவன் பேசும்போது நான்தான் குறுக்கே பேசியிருக்கிறேன். இந்த ஒருமுறை, அவன் முடிக்கும்வரை குனிந்தபடியே நின்றேன்.