ஆயிரத்து ஒன்பது பேர்

இப்பச் சிரிச்சுக்கிட்டே சொல்றேன். முந்தாநாள் கேட்டிருந்தா கடிச்சு வெச்சிருப்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில நிக்கும். அதனாலதான் இந்தப் பூபதியை டிரில் மாஸ்டரா வெச்சிருக்காங்கன்னு பள்ளிபாளையத்துல ஒரு பேச்சு உண்டு.

எங்க பள்ளிக்கூடத்துக்கு நூற்றாண்டு விழா. மொத்தப் பிள்ளைகளும் மைதானத்துல டிரில் செய்யணும், வரிசையெல்லாம் சமமா இருக்கணும்னு ஹெட்மாஸ்டர் உத்தரவு. மத்த நாள்ல இருபது பேராவது வயித்துவலின்னு லீவு போடுவாங்க. புதுப் பனியன் தர்றாங்கன்னதும் காய்ச்சல்ல கிடந்ததுககூட எந்திரிச்சு வந்துருச்சு. ஆயிரத்து ஒன்பது பேர்.

இருபது இருபதா நிறுத்துனேன், ஒன்பது பேர் மிச்சம். முப்பது முப்பதா நிறுத்துனேன், பத்தொன்பது மிச்சம். இருபத்தெட்டுப் பேர் வீதம் முப்பத்தாறு வரிசை போட்டா ஒரே ஒரு ஆள் மிச்சம். எவனோ எடம் மாறி நின்னு ஏய்க்கிறான்னு தொண்டை கட்டுற வரைக்கும் கத்துனேன். மூணு நாளா இதே கூத்து.

"ஏனுங்க பூபதி, ஒரு ஆளை உக்கார வெச்சுட்டாத் தீந்துச்சு"ன்னார் ஹெட்மாஸ்டர்.

பட்டியல்ல கடைசிப் பேரு ரஞ்சிதா, ஆறாம் வகுப்பு. அவங்கப்பாவுக்கு இங்க தறி வேலை கிடைச்சு, போன மாசம்தான் இளம்பிள்ளைங்கற ஊர்ல இருந்து வந்திருக்காங்க. "நீ உக்காந்து பாரு சாமி"ன்னேன். "சரிங்க சார்"னு போயிட்டா. அழுதிருந்தாக்கூடத் தேவலை. எனக்கு மத்தியானம் சோறு எறங்கல.

"என்னங்க சார், சாப்பிடலையா?"ன்னு கணக்கு டீச்சர் மலர்விழி கேட்டாங்க. அவங்க மேல பாஞ்சேன். "உங்க கணக்கு எதுக்குங்க ஆகுது? ஆயிரத்து ஒன்பது பேரைச் சமமா நிறுத்த ஒரு வழி உண்டா?"

டீச்சர் கோவிச்சுக்கல. ஒரு தாளை எடுத்து முப்பத்தொண்ணு வரைக்கும் வகுத்துப் பாத்தாங்க. "நீங்க தலைகீழா நின்னாலும் வராதுங்க சார். இது பகா எண்ணு. ஒண்ணையும் அதையும் விட்டா எதாலயும் வகுபடாது."

"அப்பப் பிள்ளைக மேல தப்பில்லையா?"

"யார் மேலயும் இல்லைங்க. ஆனா நாலால வகுத்தா மீதி ஒண்ணு வருது பாருங்க. அப்படி வர்ற பகா எண்ணு ரெண்டு சதுரமாப் பிரியும். அதுவும் ஒரே ஒரு வழியிலதான்." கொஞ்ச நேரம் கிறுக்குனாங்க. "இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு பெரிய சதுரம், எழுநூத்தி எம்பத்தி நாலு. அதுக்கு முன்னால பதினஞ்சுக்குப் பதினஞ்சு சின்னச் சதுரம், எரநூத்தி இருபத்தஞ்சு. கூட்டிப் பாருங்க."

கூட்டுனேன். நம்பாம போன்லயும் ஒருக்காக் கூட்டுனேன். ஆயிரத்து ஒன்பது. ஒருத்தர் மிச்சமில்லை. கண்ணு கலங்குனதை டீச்சர் பாக்கக் கூடாதுன்னு திரும்பிக்கிட்டேன். ஹெட்மாஸ்டரும் தாளைப் பாத்துட்டு, சதுரம்னா சமம்தானுங்களேன்னு தலையாட்டிட்டார்.

நேரா ஆறாம் வகுப்புக்குப் போனேன். "நாளைக்கு நீயும் நிக்கிறே சாமி. சின்னச் சதுரம், முதல் வரிசை."

ரஞ்சிதா சிரிக்கல. "எனக்குப் பதிலா யாரைங்க சார் உக்கார வெச்சீங்க?"

"யாரையும் இல்லை."

"நெசமாவாங்க?"

"நெசமாத்தான்."

புஸ்தகத்தை மூடி வெச்சுட்டு எந்திரிச்சா.

"அப்ப நான் வாரேனுங்க சார்."