மாதம்மாளின் எட்டு

மூன்றாவது முறையும் மாதம்மாளின் இடது கால் தரையில் ஊன்றிவிட்டது.

ஓட்டுநர் தேர்வு மைதானத்தில் சுண்ணாம்பால் வரைந்திருந்த எட்டின் நடுவே மொபெட் நின்றது. காத்திருந்தவர்களில் ஒருவன், "எட்டுப் போடச் சொன்னா ஆத்தா கோலம் போடுது" என்றான்.

"கோலம்னா கண்ண மூடிக்கிட்டே போட்டுருவேன் சாமி. இதுதான் வருவனாங்குது" என்றபடி வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அறுபத்து மூன்று வயது.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் முக்கால் ஏக்கர் சாமந்தித் தோட்டம். விடிவதற்குள் பூ சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். பேருந்தில் மூட்டைக்கு இடம் கிடைக்காது. இத்தனை வருடமும் மொபெட்டில் கொண்டுபோன கணவர் சின்னராஜுக்குக் கண் மங்கிவிட்டது. இந்த முறையும் தவறினால் தோட்டத்தைப் பக்கத்துத் தோட்டக்காரர் பச்சியப்பனுக்குக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று ஓசூரில் வேலை பார்க்கும் மகன் பிரபாகர் சொல்லியிருந்தான். அவள் சரி என்று சொல்லவில்லை.

எப்படிப் பழகுகிறீர்கள் என்று தேர்வு நடத்திய ஆய்வாளர் கேட்டார். கால்களுக்கு நடுவே தவிட்டு மூட்டையை வைத்துக்கொண்டுதான் என்றாள். பூ மூட்டையோடு ஓட்டத்தானே லைசென்ஸ்; வெறும் வண்டி ஓட்டி அவளுக்கு என்ன ஆகப்போகிறது? அதனால்தான் கனம் இல்லாத வண்டி துள்ளுகிறது என்றார் அவர். மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப் பழகி, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

பிரபாகர் போனில் அழைத்தான். வயதான காலத்தில் இதெல்லாம் போதும், ஞாயிற்றுக்கிழமை பச்சியப்பனைக் கூட்டிவருகிறேன் என்றான். வரட்டும், சாப்பிட்டுவிட்டே போகட்டும் என்றாள்.

சனிக்கிழமை விடிந்ததும் அவள் சொல்லிவைத்திருந்த சாமந்தி நாற்று வந்து இறங்கியது. சின்னராஜ் வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு நாற்றையும் விரலால் தடவிப் பிரித்துக் கொடுத்தார். அவளும் கூலிக்கு வந்த பெண்களும் நட்டுக்கொண்டே போனார்கள். பொழுது சாய்வதற்குள் முக்கால் ஏக்கரும் முடிந்துவிட்டது. அவளுக்கு இடுப்புதான் நிமிர மறுத்தது.

மறுநாள் வந்த பச்சியப்பன் ஈரம் காயாத பாத்திகளைப் பார்த்தார். பிறகு பிரபாகரைப் பார்த்தார்.

"என்னம்மா இது?" என்றான் பிரபாகர்.

"சாமந்தி. ஓசூர் போயி மறந்துட்டியா?"

"சந்தைக்கு யாரு கொண்டுபோறது?"

"நான்தான். பூ எடுக்க மூணு மாசம் கெடக்குது. வாரத்துக்கு ஒண்ணுன்னு வெச்சாலும் பன்னெண்டு டெஸ்ட்டு. பன்னெண்டுலயுமா கால ஊனுவேன்?"

பச்சியப்பன் சிரித்துவிட்டார். ஒரு நாற்றும் மிதிபடாமல் வரப்போடு நடந்து வெளியேறினார்.

மாதம்மாள் மொபெட்டைக் களத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். தவிட்டு மூட்டை வீட்டிலேயே கிடந்தது. வண்டி கிளம்பியதும் கைப்பிடி நடுங்கியது. முதல் வளைவிலேயே கால் தரையைத் தொட்டது.

"அந்தப் பக்கமா நில்லு" என்று மகனிடம் சொல்லிவிட்டு, வண்டியைத் திருப்பி மறுபடியும் எடுத்தாள்.