குறிப்பு இல்லாத பதினோரு லிங்க்

பள்ளி நூலகத்தையும் பள்ளியின் இணையதளத்தையும் பார்த்துக்கொள்பவளுக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் உண்டு: குறிப்பு மேடம். பாடத்துக்கு உதவும் இணையப் பக்கம் எதைக் கண்டாலும் ஆசிரியர்கள் அதன் லிங்க்கை அவளுக்கு அனுப்ப வேண்டும். அவள் பொதுப் பட்டியலில் சேர்ப்பாள், எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஒரு நிபந்தனை. எந்த வகுப்புக்கு, எத்தனை நிமிடம், எதற்கு உதவும் என்று கூடவே ஒரு வரி எழுத வேண்டும். வரி இல்லையா, திறந்துகூடப் பார்க்க மாட்டாள். "குறிப்பு இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். கறார் என்றால் அப்படியொரு கறார். அவளைக் குறை சொல்லவும் முடியாது. ஆளாளுக்குக் கொட்டி வைத்துக் குப்பைமேடாகக் கிடந்த பட்டியலை ஒற்றை ஆளாக உட்கார்ந்து சீர்செய்தவள் அவள்.

உயிரியல் டீச்சர் இரண்டு மாதமாக விடுப்பில் இருந்தார். முதுகுவலி என்று அவர் கணவர் சொல்லியிருந்தார். விடுப்பில் இருப்பவர் சும்மா இருக்காமல் லிங்க்காக அனுப்பித் தள்ளினார். எதிலும் ஒரு எழுத்து இல்லை. பதினோரு முறை வந்தது, பதினோரு முறையும் திரும்பிப் போனது. விவரம் தெரிந்தவரே இப்படிச் செய்தால் எப்படி என்று குறிப்பு மேடத்துக்குப் பொறுக்கவில்லை. போனை எடுத்தாள்.

கணவர்தான் பேசினார். "அவளால டைப் பண்ண முடியாதும்மா."

"ஒரே ஒரு வரிதானே சார்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "பக்கவாதம்மா. வலது கை வரல, பேச்சும் வரல, எழுத்துக் கூட்டவும் வரல. தெரிஞ்சா வேலையை விட்டு எடுத்துடுவாங்களோன்னு பயந்துதான் முதுகுவலின்னு சொல்லிவெச்சேன். இடது கையால அனுப்புற பட்டனை மட்டும் அழுத்துவா. நீங்க திருப்பி அனுப்பினா அன்னைக்கு முழுக்கச் சாப்பிட மாட்டா."

அன்று மாலையே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள்.

டீச்சரை ஜன்னலோரம் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் தூங்குகிறவனையும் எழுப்பிவிடும் குரல் அவருடையது. அது இப்போது இல்லை. மன்னிப்புக் கேட்க வந்தவளுக்கு அதை எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை.

"ஒவ்வொண்ணா திறக்கறேன் டீச்சர். எந்த கிளாஸுக்குன்னு விரல்ல காட்டுங்க. நான் எழுதிக்கறேன்."

முதலில் இதயம் துடிக்கும் படம். இடது கை விரிந்தது, மூடியது, மறுபடி விரிந்தது. பத்தாம் வகுப்பு. அடுத்து வேர் நுனி. ஐந்து விரல், பிறகு மூன்று. எட்டாம் வகுப்பு. ஒரு வீடியோவை நாலாவது நிமிடத்தில் கை காட்டி நிறுத்தினார். அதற்குப் பிறகு வெறும் அரட்டை.

"என்னைவிட நீங்கதான் கறார்," என்றாள் அவள். டீச்சரின் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது.

பதினோராவது லிங்க்கைத் திறந்தாள். அது அவர்கள் பள்ளியின் சொந்தப் பக்கம், ஆசிரியர்களின் பெயர் வரிசை. "இது எந்தப் பாடத்துக்கு டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே உயிரியல் என்ற இடத்தைப் பார்த்தாள். தற்காலிகமாக வந்திருப்பவரின் பெயர் மட்டும் இருந்தது. தலைமையாசிரியர் சொன்னார் என்று மூன்று வாரத்துக்கு முன் பழைய பெயரை எடுத்துவிட்டு அதைப் போட்டது அவளேதான். தான் இன்னும் ஆசிரியர்தானா என்று டீச்சர் தன்னால் முடிந்த ஒரே வழியில் கேட்டிருக்கிறார். அவள் அதற்கும் "குறிப்பு இல்லை" என்று பதில் போட்டிருக்கிறாள்.

டீச்சர் எந்த விரலையும் காட்டவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் எடுத்தேன் டீச்சர்." அவளுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திருத்தத் தொடங்கினாள்.

கணவர் பதறினார். "மேல கேக்காம போட்டா உங்களுக்குப் பிரச்சினை வரும்மா."

"எடுக்கும்போது இவங்களைக் கேட்டேனா சார், போடும்போது அவங்களைக் கேக்க?"

டீச்சரின் பெயரை முதலிலும் தற்காலிகமாக வந்தவரின் பெயரை அடுத்தும் வைத்துச் சேமித்தாள். திரையைத் திருப்பிக் காட்டினாள். டீச்சர் அதை நம்பவில்லை. மடியில் கிடந்த தன் போனை இடது கையால் எடுத்து, அதே பக்கத்தைத் தானே திறந்து, வரும்வரை காத்திருந்தார். பெயர் அதிலும் இருந்தது. அவரும் படிக்கட்டும் என்று போனைக் கணவரிடம் நீட்டினார்.