காலியாக விட்ட கட்டங்கள்

காலை ஒன்பதரையிலிருந்து ஐந்தாண்டுத் திட்ட அறிக்கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததில் இடுப்பு கழன்றுவிடும் போல வலித்தது. எங்கள் மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்திலேயே இயன்முறை சிகிச்சைத் துறை இருக்கிறது. போன் செய்தேன். பத்து நிமிடத்தில் ஒரு உதவிப் பேராசிரியர் மின்சாரக் கருவியோடு என் அறைக்கே வந்து வைத்தியம் பார்த்துவிட்டுப் போனார். போகும்போது நன்றி வேறு சொன்னார்.

என் வலி உட்கார்ந்து வந்தது. என் அம்மா முனியாயிக்கு அதே இடத்தில் இருப்பது குனிந்து வந்தது. எங்கள் ஊர் சிலமலையிலிருந்து விடியுமுன் கிளம்பி, ஜீப்பில் ஏறி, மலை மெட்டு தாண்டி, முப்பத்தோரு வருடம் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தாள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்காது. தூரில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். எடுக்கிறவள் நாள் முழுக்க மடங்கித்தான் கிடக்க வேண்டும். அவளைத் தேடி யாரும் கருவி தூக்கிக்கொண்டு வரவில்லை.

நான் அங்கே திட்டமிடல், மதிப்பீட்டுத் துறையின் இயக்குநர். அப்படியென்றால் என்ன வேலை என்று எங்கள் தெருவில் கேட்கிறவர்களுக்கு என்னால் ஒருமுறையும் விளக்க முடிந்ததில்லை. எந்தத் துறை எதை எத்தனை வருடத்தில் செய்ய வேண்டும் என்று எழுதுவேன். பிறகு செய்தார்களா என்று அளப்பேன். நானே வைத்தியம் பார்ப்பதாகத்தான் தெருவில் பாதிப்பேர் நம்புகிறார்கள்.

தர மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது, சமூகத்துக்கு என்ன செய்தோம் என்று கேட்பார்கள். அதற்கு முன்பெல்லாம் மலைத் தொழிலாளிப் பெண்களுக்கான மூட்டுவலி முகாமைப் பல்கலைக்கழக வளாகத்தில் பகல் பதினோரு மணிக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அந்தப் பெண்கள் மலையில் இருப்பார்கள். முகாமுக்கு வந்தவர்கள் ஓய்வு பெற்ற வாத்தியார்களும் ஜவுளிக்கடை முதலாளிகளும். நான் அதை மாற்றினேன். போடி ஜீப் நிறுத்தத்தில் ஒரு கடை அறையை வாடகைக்குப் பிடித்து, செவ்வாயும் வெள்ளியும், ஜீப்புகள் இறங்குகிற ஐந்தரை மணிக்கு வைத்தியம். அறுபத்து நான்கு பெண்கள். ஆளுக்குப் பன்னிரண்டு நாள்.

அட்டையை நானேதான் வடிவமைத்தேன். தோட்டத்தில் ஒவ்வொருத்திக்கும் ஓர் அட்டை உண்டு. ஒரு நாளைக்கு ஒரு கட்டம். கணக்கப்பிள்ளை அதை நிரப்பினால் கூலி. காலியாக இருந்தால் அந்த நாள் இல்லை. அதே மாதிரி பன்னிரண்டு கட்டம் போட்டு வைத்திய அட்டை அடித்தேன். வலியை அளக்கிற தாளும் அதே பாணி. வரிசையாகப் பத்துக் கட்டம், வலி எவ்வளவோ அவ்வளவு நிரப்ப வேண்டும். கீழே திருப்தியைச் சொல்ல, அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை ஐந்து, ஒன்றில் டிக் போட வேண்டும். 'பயனாளிகளுக்குப் பழக்கமான வடிவம்' என்று குறிப்பில் எழுதிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மூன்றாம் வாரம், ஐந்து நாள் வைத்தியம் முடிந்திருந்தபோது, இடைக்கால மதிப்பீடு. என் அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்க்கிற அன்புச்செல்வன் தாள்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். அறுபத்து நான்கு பேருக்கும் முதல் நாள் வலி பத்து. இப்போதும் பத்து. ஐந்து முகங்களிலும் டிக். கணினி கடைசி டிக்கை எடுத்துக்கொண்டு நூறு சதவீதம் திருப்தி என்று சொல்லியிருந்தது.

"யாருக்கும் ஒரு துளி கொறையலக்கா. ஆனா எல்லாரும் பரம சந்தோசமா இருக்காக" என்றான்.

துணைவேந்தருக்கு அதில் குழப்பமே இல்லை. நூறு சதவீதத்தைக் குழுவுக்கான மலரில் முதல் பக்கத்தில் போடச் சொன்னார். பலனில்லாத சிகிச்சையை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நிறுத்திவிடலாம் என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

அன்று செவ்வாய். சாயங்காலம் ஜீப் நிறுத்தத்துக்குப் போனேன். அன்னக்கொடி அக்கா முழங்காலில் வெந்நீர்ப் பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் தெருக்காரி, ஒன்பது வருடம் அம்மாவோடு ஒரே ஜீப்பில் போனவள். இரண்டு வருடமாகக் காலை மடக்க முடியாமல், ஒரு காலை நீட்டிக்கொண்டே காய் எடுத்தாள். பின்தங்குகிறாள் என்று இந்தச் சீசனோடு அவளை நிறுத்தப்போவதாகத் தோட்டத்தில் பேச்சு. இப்போதுதான் கொஞ்சம் மடங்குகிறது என்று உட்கார்ந்து காட்டினாள்.

தாளை நீட்டி, பத்தையும் ஏன் நிரப்பினாய் என்று கேட்டேன்.

"பின்ன? கட்டத்தக் காலியா விட்டா யாரு பொறுப்பு? போன வருசம் கணக்கப்புள்ள கன்னையன் ஒண்ணு போட மறந்துட்டான். எனக்கு ஒரு நாள் போச்சு."

"இது கூலி அட்ட இல்லக்கா."

"அதே மாதிரி அடிச்சது யாரு?"

பக்கத்தில் இடுப்புக்கு ஒத்தடம் வாங்கிக்கொண்டு குப்புறப் படுத்திருந்த பாண்டீஸ்வரி, தலையைத் தூக்காமலே, மேடம் இம்புட்டுப் படிச்சதுக்கு எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டு அடிச்சிருக்கலாம் என்றாள். அறையே சிரித்தது. முகங்களைப் பற்றியும் கேட்டேன்.

"அழுகுற மூஞ்சியும் நாந்தான், சிரிக்கிற மூஞ்சியும் நாந்தான்" என்றாள் அன்னக்கொடி அக்கா. "காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. இதுல எத விடச் சொல்ற?"

வலிக்கிற அளவுக்கு மட்டும் நிரப்புங்கள், மீதியைக் காலியாக விடுங்கள், யாருக்கும் எதுவும் போகாது என்றேன்.

"யாரு பொறுப்பு?"

"நான் பொறுப்பு."

"சொல்லிட்ட. மறந்துராத ஆத்தா."

அன்றும் மறுநாளும், ஜீப்பிலிருந்து இறங்க இறங்க ஒவ்வொருத்தியாகப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். அன்னக்கொடி அக்கா யோசித்து யோசித்து, முதல் நாளுக்கு ஒன்பதும் இப்போதைக்கு ஐந்தும் நிரப்பினாள். காலிக் கட்டங்களை விரலால் தடவிப் பார்த்தாள், பிழை செய்துவிட்டவள் மாதிரி. சராசரி போட்டபோது எட்டு ஐந்தாகியிருந்தது. வைத்தியம் பலித்திருக்கிறது. எனக்குத் துள்ளாத குறை.

அன்புச்செல்வன் துள்ளவில்லை. "நம்ம இலக்கு மூணு வருசத்துல ரெண்டு புள்ளி. மூணு வாரத்துல மூணு கொறைச்சிட்டோம். திட்ட விதிகள்ல நீங்க எழுதுன நாப்பத்திரண்டாம் பக்கத்தப் பாருங்கக்கா."

பார்க்கத் தேவையில்லை. இலக்கை எட்டிய திட்டம் நிறைவடைந்ததாகக் கொள்ளப்படும். அதன் ஆட்களும் கருவிகளும் எட்டாத இலக்குகளுக்கு மாற்றப்படும். பெயருக்கு ஒரு முகாமை வருடக்கணக்காக இழுத்துக்கொண்டு படி வாங்குகிற துறைகளை மடக்க நான் எழுதிய விதி. எழுதிய அன்று அதற்காகக் கைகூட குலுக்கினார்கள்.

"ஒண்ணரைன்னு காட்டிருவோம். முன்னேற்றம் இருக்கு, இலக்கு எட்டல. ஓடிட்டே இருக்கும்."

"எண்ணை மாத்துறதுக்கா இந்த நாற்காலி?"

"நாற்காலிக்கு ஒண்ணும் ஆகாதுக்கா" என்றான் அவன்.

உள்ளதை உள்ளபடி வைத்தால் கூட்டத்தில் இருப்பவர்களுக்குப் புரியாதா என்று நினைத்தேன். அத்தனை பேரும் மருத்துவம் படித்தவர்கள்.

வெள்ளிக்கிழமை எண்ணைச் சொன்னதும் கைதட்டினார்கள். வைத்தியம் பாதிதான் ஆகியிருக்கிறது, இன்னும் ஆறு நாள் இருக்கிறது, இப்போது விட்டால் வலி திரும்பும் என்றேன். துணைவேந்தர் சிரித்தபடி நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் புரட்டி எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். "உங்க விதிதானே மேடம். நீங்களே மீறலாமா?" என்றார். அடுத்து, நாங்கள் எட்டாத இலக்கு எது என்று தேடினார்கள். அலுவலக ஊழியர் நலன். நாள் முழுக்க உட்கார்ந்து இடுப்பு வலிக்கிறவர்கள் அதிகம். ஜீப் நிறுத்தத்தின் கருவிகள் எங்கள் மாடிக்கே வருவதென்று முடிவானது. அன்று சாயங்காலமே அறையைக் காலி செய்துவிட்டார்கள்.

அடுத்த செவ்வாய் ஐந்தரைக்கு நான் போனபோது கடை அறை பூட்டியிருந்தது. ஜீப் வந்தது. அன்னக்கொடி அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை நீட்டியே இறங்கினாள். பூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். எங்கள் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்கு நேரே வந்தால் நானே கூட இருந்து பார்க்கச் சொல்வேன் என்றேன்.

"எத்தன மணி வரைக்கும்?"

"நாலு."

"நாலு மணிக்கு நான் எங்க இருப்பேன்னு ஒனக்குத் தெரியாதா?"

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ரவிக்கைக்குள்ளிருந்து வைத்திய அட்டையை எடுத்தாள். வேர்வையில் நைந்திருந்தது. ஆறு கட்டம் நிரம்பியிருந்தது, ஆறு காலி.

"நீ சொன்னபடி காலியாத்தான் விட்டுருக்கேன். பொறுப்புன்னு சொன்னவ நீயே வச்சுக்க" என்று என் கையில் வைத்துவிட்டு, சிலமலை பஸ்சுக்கு நொண்டிக்கொண்டே போனாள்.

அட்டை என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மலரில் அவள் சிரிக்கிற படத்தைப் போட்டிருக்கிறார்கள். வாரம் இரண்டு முறை கருவி என் அறைக்கு வருகிறது. என் இடுப்பு இப்போது பரவாயில்லை. அன்னக்கொடி அக்காவுக்கு நான் தர வேண்டியது ஆறு நாள் வைத்தியம். இன்னும் தரவில்லை.