எழில்மதி பங்கு வாய்க்கரிசி

எழில்மதி கிரில் கேட்டை மறுபடியும் பிடித்து உலுக்கினாள். வெளியே பூட்டுத் தொங்கியது. எதிர் குவார்ட்டர்ஸில் பந்தலுக்குக் கீழே அம்மா கண்ணகியைக் கிடத்தியிருந்தார்கள். நடுவில் ஒரு தார்ரோடு, அவ்வளவுதான். எட்டிப் பார்த்தாலும் அம்மாவின் கால்கூடத் தெரியவில்லை. மைன்ஸில் அப்பாவோடு ஷிஃப்டு பார்த்தவர்கள் முதுகு முதுகாக மறைத்து நின்றார்கள்.

"தெறந்து விடுங்கக்கா!"

"கோவிச்சுக்காத கண்ணு. உங்க பெரியம்மா சொல்லித்தான் பூட்டுனேன்," என்றாள் இந்த வீட்டுக்காரி திலகவதி. சாவி அவள் முந்தானை முடிச்சில் இருந்தது.

விடிய விடிய பஸ்ஸில் வந்தவளை வாசப்படி மிதிக்க விடாமல் நேரே இங்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஐந்து மாத வயிற்றோடு பிணத்தைப் பார்க்கக் கூடாதாம். பெங்களூரில் குரங்குச் சிசுக்களின், கருமுட்டை உருவாகும் சூலகத்தை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவள் வேலை. அங்கே அவள் வாயைத் திறந்தால் நாலு பேர் கேட்பார்கள். இங்கே யார் கேட்கிறார்கள்? ஜன்னலுக்கும் கேட்டுக்கும் நடந்து நடந்து கால் கடுத்ததுதான் மிச்சம்.

மேளச் சத்தம் கூடியது. பெரியம்மா கனகம் டீயும் பன்னும் எடுத்துக்கொண்டு வந்தாள். தங்கச்சிக்காக அழுது தொண்டை கட்டியிருந்தது.

"வண்டி வந்துடுச்சு. உம் பங்கு வாய்க்கரிசிய நானே போட்டுடறேன். நீ இதக் குடி."

"அம்மா மூஞ்சிய ஒரு தரம் பாத்துட்டு வந்துடறேன் பெரியம்மா."

"ஆவாது. எங்கப்பன் பொணத்தப் பாத்துட்டு வந்துதான் எனக்குக் கலைஞ்சுது. பட்டவ சொல்றேன், கேளு."

இது எழில்மதிக்குத் தெரியாது. கம்பி வழியாகப் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியம்மா, ஒரு பொண்ணுக்கு ஆயுசுக்கும் வேண்டிய கருமுட்டை, அவ பொறக்கறதுக்கு முன்னாடியே உருவாயிடும். நான் அம்மா வயித்துல இருந்தப்பவே எனக்கும் உருவாயிடுச்சு. அதுல ஒண்ணுதான் இந்தப் புள்ள."

கனகம் டீயைக் கீழே வைத்தாள்.

"சும்மா உருவாயிடாது. நஞ்சுக்கொடியில ஒரு சுரப்பு ஊறணும். அதைக் குறைச்சுப் பாத்த குரங்குங்களோட குட்டிக்கு, முட்டையெல்லாம் தனித்தனியா கூடு கட்டிக்காம கும்பலாவே கெடந்துச்சு. அம்மா ஒடம்பு எனக்கு ஒழுங்கா ஊட்டுச்சு. அதனாலதான் இது இருக்கு."

"கண்ணகி வயித்துலயா? இதுவா?"

"ஆமா."

"அப்பவேவா?"

"அப்பவே."

கனகம் எதிர்வீட்டைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். வாய்க்குள் ஏதோ முனகினாள். பெற்றவளைப் போல் பார்த்துப் பார்த்து வளர்த்த தங்கச்சி. இழந்ததற்கும் இருப்பதற்கும் நடுவில் அவள் மனசு கிடந்து அல்லாடியது.

"திலகவதி, சாவியக் குடு."

"அக்கா, நீங்கதானே..."

"குடுங்கறேன்!"

ரோட்டைக் கடக்கும்போது பெரியம்மாவின் பிடி வலித்தது. கனகம் முன்னால் போய்க்கொண்டே "வழி வுடுங்க, பெத்த மவ வருது!" என்று கத்தினாள். யாரோ "மாசமா இருக்கற பொண்ணு..." என்று ஆரம்பித்தார்கள். அப்பா ராஜேந்திரன் நகர்ந்து இடம் விட்டார்.

அம்மாவின் நெற்றியில் மஞ்சள் அப்பியிருந்தது. கோபித்துக்கொண்டு தூங்குகிறவள் மாதிரி இருந்தாள். எழில்மதிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அரிசியை வாங்கி அம்மாவின் வாயருகே போட்டாள். கும்பிட்டுவிட்டு விலகப் போனவளைக் கனகம் விடவில்லை. உள்ளங்கையை விரித்து மறுபடியும் அரிசியை நிரப்பினாள்.

"ஒரு ஆளுக்கு ஒரு பிடிதாம்மா," என்றார் தட்டு வைத்திருந்தவர்.

"தெரியும். இது அதோடது," என்று வயிற்றைக் காட்டினாள் கனகம். "போடு கண்ணு."

எழில்மதி இடது கையை வயிற்றில் வைத்துக்கொண்டு குனிந்தாள். வியர்வையில் ஒரு அரிசி மட்டும் கையை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. கனகம் அதையும் விரலால் தள்ளிவிட்டாள்.