முப்பத்தொரு ‘வேண்டாம்’

மார்ச் 14, செவ்வாய்.

நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. மாலை நேரத் திரைப்பட வகுப்பில் மொத்தம் ஒன்பது பேர் என்று எழுதியிருந்தேன். பத்துப் பேர். என்னைச் சேர்க்க மறந்துவிட்டேன்.

எங்கள் ஆவணப்படத்தின் முதல் பிரதி இன்று காலை எல்லோருடைய போனுக்கும் வந்தது. வேலைக்குப் போகும் மாற்றுத்திறனாளிகள் மூன்று பேரைப் பற்றிய படம். மூன்றாவதாக ஒப்புக்கொண்டிருந்த தையல்காரர் கடைசி நேரத்தில் வரமாட்டேன் என்றதும், கேமராக்காரர் என் பக்கம் திரும்பினார். கேமராவை நிறுத்தும் முக்காலியைப் போல நெட்டையாக இருப்பதால் அவருக்கு முக்காலி என்று பெயர்.

“ஊரெல்லாம் அலையுறோம். நம்ம ஆளு இங்கயே உக்காந்து திக்கிட்டிருக்கான் பாரு!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக் கோப்பு அறையில் விளக்குகளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

நான் பார்ப்பதற்கு முன்பே படத்தை அம்மாவுக்கு அனுப்பியிருந்தேன். மதியம் கூப்பிட்டாள்.

“மூணு தடவை பாத்துட்டேன்டா. ஒரு இடத்துலகூட நிக்காம எவ்ளோ அழகா பேசுற! சித்திக்கும் போட்டுக் காட்டினேன். அவளால நம்பவே முடியல. எல்லாம் சரியாயிடுச்சா கண்ணு?”

“அ... அ...”

“சரி சரி, வேலையைப் பாரு.” வைத்துவிட்டாள்.

அலமாரிகளுக்கு நடுவில் நின்று படத்தைப் பார்த்தேன். என் சட்டை, என் குரல். ஆனால் அவன் தங்குதடையில்லாமல் பேசினான். எனக்கு வார்த்தை நின்ற இடத்திலெல்லாம் கைகள் கோப்பு அடுக்கும் காட்சி வந்து மூடிக்கொண்டது. அவனோடு ஒரு டீ குடிக்கலாம் போலிருந்தது. என்னோடு அவன் வருவானா என்று தெரியவில்லை.

மாலை அரை மணி முன்னதாகவே எடிட்டிங் அறைக்குப் போனேன். எடிட்டர் அக்கா மருந்துக்கடை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்.

“ஏ... ஏ...”

“ஏன் இவ்ளோ நல்லா வந்திருக்குன்னா?”

“ஏன் வெ... வெட்டினீங்க?”

“நானா? நீ குடுத்த தாளைப் பாத்துத்தான்டா வெட்டினேன்.”

எடுத்த காட்சிகளை எல்லாம் பார்த்து, எந்த நொடியில் என்ன இருக்கிறது, அது வேண்டுமா வேண்டாமா என்று எழுதித் தருவது வகுப்பில் என் பொறுப்பு. பேச வேண்டியிராத வேலை என்று நானே கேட்டு வாங்கியது.

அக்கா தாளை எடுத்து வைத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட என் தாள்தான். நான் திக்கிய ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே ‘வேண்டாம்’. எண்ணினேன். முப்பத்தொன்று. முந்தைய தாளையும் புரட்டினேன். பார்வையில்லாத டெலிபோன் ஆபரேட்டர் மேசையைத் தடவித் தன் கோப்பையைத் தேடும் எட்டு நொடி. அதற்கு எதிரே ‘கட்டாயம் வேண்டும், குறைக்கக் கூடாது’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருக்கிறேன்.

“எ... எல்லாத்தையும் திரும்ப வைக்கணும்க்கா.”

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சனிக்கிழமை படத்தைத் திரையிடறாங்க. நாளைக்கு ராத்திரிக்குள்ள நான் முடிச்சுக் குடுக்கணும். பன்னிரண்டு நிமிஷத்தைத் தாண்டினா சார் குதிப்பாரு. நீ நிக்கிற இடமெல்லாம் உள்ள வந்தா, நீ பேசினதுல முக்காவாசி வெளிய போயிடும். பரவாயில்லையா?”

“ப... ப...”

இந்த முறை அவர் எடுத்துக்கொடுக்கவில்லை. திரையின் ஓரத்தில் ஓடிய கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நொடி.

“பரவாயில்ல.”

திரும்பும்போது பேருந்தில் அம்மாவின் செய்தி வந்தது. படத்தை இன்னும் நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறாளாம். பதில் எழுதத் தொடங்கி அழித்துவிட்டேன்.

நாளை: சாப்பாட்டு இடைவேளையில் தாளைப் புதிதாக எழுத வேண்டும். கேமரா முன் நான் சொன்ன நான்கு பதில்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதை நிற்கும் இடங்களோடு முழுதாக. ஐந்தரைக்குள் அக்காவிடம் தர வேண்டும். அதற்கு முன் அம்மாவிடம் சொல்ல வேண்டும். எழுதி அனுப்பக் கூடாது. போனில் கூப்பிட்டுப் பேச வேண்டும்.