சத்தம் போடாத யு.கே.ஜி.

ரூபியின் வகுப்பைச் சந்தைக்கடை என்று முதலில் சொன்னவள் நான்தான். பிறகு பள்ளியில் எல்லோரும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நம் ஆட்களுக்குச் சொந்தமாக ஒரு வசைகூடத் தோன்றாது, எவளாவது சொன்னதைப் பிடித்துக்கொள்வார்கள்.

என் பெயர் ஆனந்தமேரி. முதலியார்பேட்டையில் இருக்கிற இந்தப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வராந்தாவில் என் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், உள்ளே நாற்பத்து மூன்று பேரும் கப்சிப். பிரம்பைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் ஒரு தட்டுத் தட்டினால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க வாட்ஸப்பில் வந்துவிடும். எனக்குப் பிரம்பு வேண்டியதும் இல்லை. மீசை அரும்பிய தடியன்கள்கூட நான் ஒரு பார்வை பார்த்தால் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வான்கள். வகுப்பை நடத்துவது என்றால் அது.

ரூபி நடத்தினதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற இருபத்தைந்து வயதுப் பெண், யு.கே.ஜி. மிஸ். முப்பது குழந்தைகள், முப்பதும் ஒரே நேரத்தில் பேசும். ஒன்று இவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டு நாய் குட்டி போட்டதைச் சொல்லும். இன்னொன்று தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதும். இவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். கதை கேட்பதற்குச் சம்பளம் தருகிற உத்தியோகம் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும்.

"ஏம்மா, அதுங்கள வாய மூடச் சொல்லேன்" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சொல்லிட்டு இருக்குதுங்க மிஸ். சொல்லி முடிச்சா தானா மூடிக்கும்" என்றாள்.

முடிக்கிறதாவது! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

எங்கள் கரஸ்பாண்டென்ட் கோவிந்தசாமி முன்பு டைல்ஸ் கடை வைத்திருந்தவர். டைல்ஸ் வைத்த இடத்தில் கிடக்கும், எதிர்த்துப் பேசாது. பிள்ளைகளும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிப் பள்ளிக்கூடம் ஆரம்பித்துவிட்டார் பாவம். ஜூன் மாதம் சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளரைக் கூட்டிவந்தார். கழுத்தில் மைக் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் பேசிய அந்த ஆள், கடைசியில் ஆளுக்கொரு கட்டு ஸ்டிக்கர் கொடுத்தான். ஒழுங்காக இருக்கிற பிள்ளைக்குச் சிரித்த மூஞ்சி, அடங்காத பிள்ளைக்கு அழுத மூஞ்சி. யு.கே.ஜி.க்கும் அதுதான், என் ஒன்பதாம் வகுப்புக்கும் அதுதான். என் தடியன்கள் அழுத மூஞ்சியை யார் அதிகம் சேர்ப்பது என்று போட்டி வைத்தான்கள். வெற்றிவேல் என்கிறவன் இரண்டே நாளில் பதினேழு சேர்த்துவிட்டான். மூன்றாம் நாள் கட்டோடு குப்பைத்தொட்டியில் போட்டேன். அந்தப் பயிற்சியாளன் வாழ்நாளில் ஒரு வகுப்புக்குள் கால் வைத்திருக்க மாட்டான்.

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை கோவிந்தசாமி என்னையும் ரூபியையும் அறைக்குக் கூப்பிட்டார். பள்ளியைச் சுற்றிப் பார்க்க வந்த யாரோ ஒரு பெற்றோர் யு.கே.ஜி. வாசலில் நின்று காதைப் பொத்திக்கொண்டாராம்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள அந்தக் க்ளாஸ் அடங்கணும். இல்லன்னா இந்தப் பொண்ணு வேற எடம் பாத்துக்கட்டும். மேரி மிஸ், இந்த வாரம் நீங்க அங்க உக்காருங்க. அடக்கிக் காட்டுங்க. இவங்களால முடியுமா முடியாதான்னு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க. அது வரைக்கும் இவங்க ஆபீஸ்ல அட்மிஷன் ஃபாரம் பாக்கட்டும்."

வருட நடுவில் வேலை போனால் எந்தப் பள்ளியும் இவளை எடுக்காது. அது ரூபிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

வெளியே வந்ததும் ரூபி என் பின்னாலேயே ஓடிவந்தாள். "மிஸ், கனிஷ்காவ மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க. அது இப்பத்தான் வாயத் தொறந்து பேச ஆரம்பிச்சிருக்கு. எது சொல்ல வந்தாலும் காது குடுத்துக் கேட்டுருங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்றேன். வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

நான் செய்தது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நாம் எல்லோரும் படித்த பள்ளிகளில் நமக்குச் செய்ததுதான். வாயில் விரல். ஒரு கை கட்டிக்கொள்ள வேண்டும், இன்னொரு கையின் ஆள்காட்டி விரல் உதட்டின் மேல் இருக்க வேண்டும். நான் சொல்கிற வரைக்கும் எடுக்கக் கூடாது. எடுத்தால் மூலையில் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். திங்கட்கிழமை பதினோரு பேர் சுவரைப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை மூன்று பேர். புதன்கிழமை ஒருவருமில்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம் அந்த அறையில் முதல்முறையாகக் கேட்டது. ஜூனிலிருந்து அந்தப் பெண்ணால் முடியாததை மூன்று நாளில் முடித்துவிட்டேன்!

வியாழக்கிழமை காலை ரூபியின் பட்டாணி டப்பாவை எடுத்து, எண்ணுவதற்காக ஆளுக்குப் பத்துக் காய்ந்த பட்டாணி கொடுத்தேன். எண்ணி முடித்ததும் டப்பாவில் போடச் சொல்லிவிட்டு, மறுபடி வாயில் விரல். கரும்பலகையில் கூட்டல் எழுதினேன். திரும்பிப் பார்த்தபோது இரண்டாம் வரிசையில் கனிஷ்காவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ரூபி கொஞ்சிக் கொஞ்சிக் கெடுத்த பிள்ளை, அவள் இல்லாததற்கு அழுகிறது என்று நினைத்தேன்.

"என்னாடி அழுவ? நிறுத்து" என்றேன்.

நிறுத்திவிட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பதினோரு மணிக்குக் கோவிந்தசாமி வந்தார். வாசலில் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். உள்ளே வந்து, வேறு யாரும் அகப்படாத மாதிரி கனிஷ்காவின் தலையிலேயே கை வைத்தார். "இந்தப் பாப்பாவப் பாருங்க, எவ்ளோ அமைதி. இதத்தான் நான் இத்தினி நாளா கேட்டேன்" என்றார். விரலை எடுக்காமல் அவரையே அண்ணாந்து பார்த்தாள் அந்தக் குழந்தை.

சாப்பாட்டு மணி அடித்ததும் விரலை எடுக்கச் சொன்னேன். எல்லோரும் டப்பாவைத் திறந்தார்கள். கனிஷ்கா திறக்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் மூக்கின் ஒரு பக்கம் வீங்கி, மேலுதடெல்லாம் சளியும் ரத்தமும். சட்டைக் கையெல்லாம் துடைத்த கறை.

"என்னாச்சுடி? சொல்லேன்!"

பக்கத்தில் இருந்த ஆரோன்தான், வாய் நிறையத் தயிர்சாதத்தோடு சொன்னான்.

"காலைலயே மூக்குல பட்டாணி போட்டுக்கிச்சு மிஸ்."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீங்கதான விரல எடுக்கக் கூடாதுன்னீங்க."

ஆபீஸிலிருந்து ஓடிவந்து குழந்தையைத் தூக்கியவள் ரூபி. ஆட்டோவில் நானும் ஏறிக்கொண்டேன். பட்டாணி ஊறிப் பெருத்துவிட்டதால் காது மூக்கு டாக்டர் பாடுபட்டுத்தான் எடுத்தார். எத்தனை மணிக்குப் போட்டுக்கொண்டாள் என்று அவர் என்னிடம்தான் கேட்டார். இருபத்திரண்டு வருட அனுபவசாலி எனக்குத் தெரியவில்லை. ரூபியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கனிஷ்கா அவள் காதில் சொன்னாள். ப்ரேயர் முடிந்து கொஞ்ச நேரத்தில். மூன்று மணி நேரம் அந்த ஐந்து வயதுக் குழந்தை வலியோடு என் எதிரில் உட்கார்ந்திருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை கோவிந்தசாமி வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். ரூபியையும் நிற்க வைத்திருந்தார்.

"பட்டாணி யாரு கொண்டாந்தது? இவங்க டப்பாதான? அத மட்டும் எழுதுங்க. சின்னப் புள்ளைங்க க்ளாஸ்ல ஆபத்தான சாமான் வெச்சிருந்தாங்கன்னு. இவங்க கணக்கும் முடிஞ்சிரும், புள்ளையப் பெத்தவங்களுக்கும் பதில் சொன்னாப்புல ஆயிடும்."

டைல்ஸ் விற்ற மூளை, எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது பாருங்கள். ஆனால் அவரைச் சொல்லி என்ன பிரயோஜனம்? நான் பேனாவை எடுத்தேன். 'ரூபி அவர்களின் பட்டாணி டப்பா' என்று எழுதவும் எழுதினேன். பயமாக இருந்தது எனக்கு. இத்தனை வருடம் கட்டிக் காத்த பெயர்.

அப்போது கனிஷ்காவின் அம்மா உள்ளே வந்தாள். வீராம்பட்டினத்துப் பெண், நிர்மலா என்று பெயர். கோவிந்தசாமி உட்காரச் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை.

"எம்பொண்ணு நாலு வயசு வரைக்கும் பேசவே இல்ல சார். பேசக் கத்துக்கட்டும்னுதான் இங்க கொண்டாந்து சேத்தேன். நேத்து க்ளாஸ்ல இருந்தது யாரு?"

கோவிந்தசாமி ரூபியைப் பார்த்தார். நான் ரூபியைப் பார்த்தேன். என்னைக் கைகாட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைக் காப்பாற்றுகிறாளாம்! சந்தைக்கடைக்காரி, நேற்றைக்கு வந்தவள், இவள் தயவில் நான் தப்பிப்பதா? எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறந்தது நல்ல மனசினால் இல்லை. அந்த ரோஷத்தில்தான் திறந்தேன்.

"நான்தாம்மா இருந்தேன். பட்டாணிய நான்தான் குடுத்தேன். அது அழுதுச்சு, நான்தான் அழாதன்னு அதட்டினேன்."

நிர்மலா என்னை மேலும் கீழும் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "மிஸ்ஸாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அதற்குப் பிறகு ரூபியை அனுப்பக் கோவிந்தசாமிக்கு வாய் வரவில்லை. என் ஒன்பதாம் வகுப்பைப் பிடுங்கி யாரோ புதுப் பையனுக்குக் கொடுத்துவிட்டு, என்னை ரூபிக்குத் துணை மிஸ்ஸாகப் போட்டார். டப்பா திறந்துவிடுவது, மூக்குச் சிந்திவிடுவது, பாத்ரூம் கூட்டிப்போவது. இருபத்திரண்டு வருடம் கணக்கு எடுத்தவளுக்கு இது போதும்.

போன புதன்கிழமை இடைவேளையில் கனிஷ்கா ஓடிவந்து படியில் இடறி விழுந்தாள். முட்டி சிராய்த்து ரத்தம் வந்தது. வாசல் பக்கத்தில் நான்தான் இருந்தேன். சட்டென்று தரையில் உட்கார்ந்து, எனக்கே கூச்சமான ஒரு குரலில், "என்னாச்சு கண்ணு? வலிக்குதா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மிஸ்" என்றாள் கனிஷ்கா.

உதடு துடித்தது, கண் நிறைந்திருந்தது. ஒரு சொட்டு விழவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு, அந்தக் காலை இழுத்து இழுத்து அறையின் அந்தக் கோடி வரைக்கும் நடந்தாள். ரூபியின் மடியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாய்விட்டு அழுதாள்.